ஒரு நாள் பிபி முகாமோடு நிறுத்தலாமா? மாரடைப்பு, பக்கவாதம் தடுக்க ஒரு குடியிருப்பாகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

கார்முகில் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இந்த வருடம் இதயநோய், பக்கவாதம் இரண்டுக்கும் ஏதாவது உருப்படியாகச் செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். ஐம்பது வயதைத் தொடாத ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். இன்னொரு வீட்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. இருவருக்குமே பிரஷர் இருந்திருக்கிறது. இறந்தவருக்கு அது இருப்பதே தெரியாது. அந்த அம்மா மாத்திரையைப் பாதியில் விட்டவர்.

செப்டம்பர் 29 உலக இதய தினம். அன்று ஒரு முகாம் வைத்து எல்லோருக்கும் பிபி, சுகர் பார்த்து, மருத்துவர் ஒருவரைப் பேச அழைக்கலாம் என்பது இப்போதைய யோசனை. அது ஒருநாள் கூத்தாக முடிந்துவிடக் கூடாதே என்றுதான் இங்கே கேட்கிறேன். எங்களில் யாரும் மருத்துவத் துறை இல்லை. நேரம் ஒதுக்கத் தயாராக ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், அவ்வளவுதான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

இளவேனில்_மருந்தாளர்

கார்முகில் சார், உங்கள் கவலை நியாயமானது. நான் மருந்துக்கடையில் நிற்பவள். முகாமில் கொடுத்த சீட்டை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வேறு எதற்கோ வரும்போது எடுத்துக் காட்டுவார்கள். 170/104 என்று எழுதி, கீழே ‘மருத்துவரை அணுகவும்’ என்று முத்திரை குத்தியிருக்கும். மடிப்பில் எழுத்தே அழிந்துபோயிருக்கும். போனீர்களா என்று கேட்டால், “உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே” என்பார்கள். பிரஷர் அப்படித்தான், ஒன்றும் செய்யாது. செய்யும்போது ஒரேயடியாகச் செய்துவிடும்.

2018இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். லாஸ் ஏஞ்சலிஸில் 52 முடிதிருத்தகங்கள், அங்கே வழக்கமாக வரும் 319 கறுப்பின ஆண்கள். எல்லோருக்கும் கட்டுக்கடங்காத பிபி. ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர், “டாக்டரைப் போய்ப் பாருங்க, பழக்கத்தை மாத்துங்க” என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னார். மற்ற கடைகளில் மருந்தாளர் ஒருவரே கடைக்கு வந்தார். மருத்துவரோடு செய்த ஏற்பாட்டின்படி அங்கேயே மருந்து எழுதினார், அளவைக் கூட்டிக் குறைத்தார், திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். ஆறு மாதத்தில், சொல்லி மட்டும் விட்டவர்களுக்கு மேல் அளவு (பிபியில் முதலில் வரும் எண்) சராசரியாக 9 புள்ளி இறங்கியது. மருந்தாளர் வந்த கடைகளின் வாடிக்கையாளர்களுக்கு 27 புள்ளி. இரண்டு பக்கமும் அதே நாற்காலி, அதே பழகிய முகம். சிகிச்சை ஆளைத் தேடி வந்ததுதான் வித்தியாசம்.

முகாம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முகாமுக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தூரிகை

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சமூக அளவில் இதயநோய்த் தடுப்பு என்பதை அமெரிக்காவில் 1980களில் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு, மினசோட்டா, பாடக்கெட் மூன்றும் பேர்போன திட்டங்கள். ஊர் முழுக்கப் பிரசாரம், பரிசோதனை, வகுப்புகள், உள்ளூர்த் தொண்டர்கள் என்று எதையும் விடவில்லை. ஆனால் திட்டமே இல்லாத பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டபோது கிடைத்த வித்தியாசம் சொற்பம். மினசோட்டாவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காரணம், அந்தக் காலத்தில் திட்டம் இல்லாத ஊர்களிலும் மக்கள் தாங்களாகவே புகையைக் குறைத்து, கொழுப்பைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு பணமும் ஆளும் போட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஏழெட்டுப் பேர் சேர்ந்து என்ன செய்துவிட முடியும்? நம்பிக்கையைக் குலைக்கக் கேட்கவில்லை. உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

வடதிசை

தூரிகை சொல்வது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் எதில் கை வைக்க வேண்டும் என்று தெரியும்.

ஃபின்லாந்தின் கிழக்கு ஓரத்தில் வட கரேலியா என்று ஒரு மாகாணம். மரம் வெட்டுகிற, பால்மாடு வளர்க்கிற உழைப்பாளிகள். 1970 வாக்கில் உலகத்திலேயே மாரடைப்பில் ஆண்கள் மிக அதிகமாகச் செத்த இடங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு வீடு இளம் விதவைகள். அந்த மக்களே 1971இல் அரசுக்கு மனு போட்டார்கள், “எங்களுக்கு ஏதாவது செய்யுங்கள்” என்று. அந்த மனுவிலிருந்துதான் 1972இல் வட கரேலியத் திட்டம் பிறந்தது. பெக்கா புஸ்கா என்ற, முப்பது வயதுகூட ஆகாத மருத்துவர் தலைமை தாங்கினார்.

பிரசங்கத்தால் மட்டும் ஒன்றும் மாறாது என்பதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். வெண்ணெயும் கொழுப்புப் பாலும் அந்த மக்களின் பிழைப்பே. அதைத் தொடாதே என்றால் யார் கேட்பார்கள்? ஆகவே ஊரில் ஏற்கெனவே செல்வாக்காக இருந்த பெண்கள் அமைப்பான மார்த்தா சங்கத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்துப் பரிமாறிக் காட்டினார்கள். கொழுப்பு அளவைக் குறைப்பதில் கிராமத்துக்குக் கிராமம் போட்டி வைத்தார்கள். பால் பண்ணைக்காரர்களின் வருமானம் போய்விடக் கூடாது என்று, அங்கே நன்றாக விளையும் சிறு பழங்களைப் பயிரிட ஏற்பாடு நடந்தது. கூடவே, தூரிகை கவனிக்க வேண்டிய இடம் இது, பிபி உள்ளவர்களைப் பதிவேட்டில் எழுதி, செவிலியர்களைக் கொண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களில் ஃபின்லாந்து முழுவதுமே அந்த வழிக்கு வந்துவிட்டதால், மற்ற மாகாணங்களிலும் சாவு குறைந்தது. எவ்வளவு பங்கு திட்டத்துக்கு, எவ்வளவு பங்கு காலப்போக்கில் தானாக வந்த மாற்றத்துக்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

அந்த வாதத்தைத் தாண்டி எனக்கு நம்பிக்கை தருவது இன்னொரு இடம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஃபிராங்க்ளின் கவுண்டி, ஏழை மாவட்டம், கிராமங்கள்தான். 1970களில் அங்கே உள்ளூர் மருத்துவர்கள், செவிலியர்கள், தொண்டர்கள் சேர்ந்து வேலைக்கிறங்கினார்கள். பொதுக்கூடம், தேவாலயம், பள்ளி, தொழிற்சாலை என்று போய்ப் பிபி பார்த்தார்கள். அத்தோடு விடவில்லை, அளவு எகிறியவர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். பிபி உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 1975இல் 18 சதவீதம், 1978இல் 43 சதவீதம். நாற்பது வருடக் கணக்கை 2015இல் வெளியிட்டபோது, அந்த மாவட்டத்தின் வருமானத்துக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிடச் சாவும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைவாக இருந்தன.

ஆகவே தூரிகைக்கு என் பதில் இது. ஊர் முழுக்கப் பொதுவாகப் பேசிய திட்டங்கள் திணறின. பெயர் எழுதி ஆளைத் தொடர்ந்த வேலை பலன் கொடுத்தது.

தூரிகை

இது எனக்கு ஏற்புடைய பதில். நன்றி. அப்படியென்றால் இவர்கள் பிபி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? சுகர், கொழுப்பு, எடை, மன அழுத்தம் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் ஒன்றும் உருப்படாது என்று தோன்றுகிறது.

வெண்புறா_செவிலி

பிபியும் புகையும். முதல் வருடத்துக்கு இந்த இரண்டு போதும் தம்பி.

நான் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பக்கவாத வார்டிலும் இருந்திருக்கிறேன், சமூக சுகாதாரத்திலும் இருந்திருக்கிறேன். பக்கவாதத்துக்குக் காரணங்கள் பல இருந்தாலும் பெரிய காரணம் பிரஷர்தான். உயர் இரத்த அழுத்தம் இருப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, உலக அளவில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேல் அளவு வெறும் 5 புள்ளி இறங்கினாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் பத்து சதவீதம் அளவுக்குக் குறைகின்றன. இதைவிட மலிவான வேலை வேறு இருக்கிறதா?

ஆனால் அளப்பதை ஒழுங்காக அளக்க வேண்டும். முகாம்களில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மாடி ஏறி மூச்சு வாங்க வருபவரை உட்கார வைத்த கையோடு பட்டையைச் சுற்றுகிறார்கள், அதுவும் சட்டைக் கைக்கு மேலேயே. பட்டை ஏறிக்கொண்டிருக்கும்போது பெயர் என்ன, வயது என்ன என்று கேட்கிறார்கள். அந்த எண்ணை நம்பி ஒருவரை நோயாளி என்றும் சொல்ல முடியாது, நல்லா இருக்கீங்க என்றும் சொல்ல முடியாது.

சரியான முறை கஷ்டமே இல்லை. காபி, டீ, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பட்டை வெறும் தோலில்தான். தடித்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும், சின்னதைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பாருங்கள். கூட வந்தால் அன்றே முடிவு கட்டாமல் வேறொரு நாளும் பாருங்கள். இவ்வளவும் செய்ய ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். அதனால்தான் ஒரே நாளில் முந்நூறு பேருக்குப் பார்த்தோம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

மேல்கைப் பட்டை உள்ள, அங்கீகரிக்கப்பட்ட தானியங்கி மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டு மெஷின் வேண்டாம்.

கார்முகில்

அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. அப்படியே எங்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். பதிவேடு பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன். அதில் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

வெண்புறா_செவிலி

ஒரு தடிமனான நோட்டு போதும். பெயர், வயது, வீட்டு எண், போன். அப்புறம் தேதி, இரண்டு அளவு, மாத்திரை சாப்பிடுகிறாரா, மருத்துவரை எப்போது பார்த்தார், அடுத்து நாம் எப்போது கூப்பிட வேண்டும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அந்தத் தேதி வந்தும் ஆள் வரவில்லை என்றால் யார் கதவைத் தட்டுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள். ‘குழு பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்று நாட்டுக் கிராமங்களில் இப்படித்தான் செய்து பார்த்தார்கள். 30 கிராமச் சமூகங்கள், 2,645 பேர், இரண்டு வருடம். ஏற்கெனவே அங்கே வேலை செய்த சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய்ப் பிபி பார்த்து, பேசி, கூட இருந்தால் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பினார்கள். வழக்கமான சிகிச்சையைவிட மேல் அளவு 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. 2020இல் முடிவு வந்தது. வீட்டுக்குப் போனவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள்.

நிழற்குடை

பதிவேடு என்றதும் எனக்கு உறுத்துகிறது. ஒருவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று அக்கம்பக்கத்தார் கையில் நோட்டாக இருப்பது நல்லதா? கல்யாணப் பேச்சு, வேலை என்று பல இடத்தில் இது பாதகமாக முடியும். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் பிபி அளவையெல்லாம் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பாதிப் பேர் வரவே இல்லை.

இளவேனில்_மருந்தாளர்

நிழற்குடை சொல்வதைத் தயவுசெய்து எல்லோரும் கவனியுங்கள். நம்பிக்கை போனால் திட்டம் போச்சு. நோட்டு ஒருவர் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள், வேண்டாம் என்பவருக்கு அளந்து ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். குழுவில் போடுவதென்றால் மொத்தக் கணக்கு மட்டும் போடுங்கள்.

எந்தக் கணக்கு என்பதும் முக்கியம். எத்தனை பேருக்கு அளந்தோம் என்ற எண்ணால் பயன் இல்லை. கூடுதலாக இருந்தவர்களில் ஆறு மாதம் கழித்து 140/90க்குக் கீழே வந்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு உழையுங்கள்.

புதுநடை

ஒரு சந்தேகம். பிபி மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டும், கிட்னி கெட்டுவிடும் என்கிறார்களே? அப்பா இதைச் சொல்லியே தள்ளிப்போடுகிறார்.

இளவேனில்_மருந்தாளர்

கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். மாத்திரை அதைக் காப்பாற்றத்தான். சில மாத்திரைகள் ஆரம்பிக்கும்போது கிட்னி, பொட்டாசியம் அளவைச் சோதித்துப் பார்ப்பார்கள், அது எச்சரிக்கைக்காக. பெரும்பாலானோருக்கு நீண்டகாலம் தேவைப்படும் என்பது உண்மை. எடை குறைந்து, உப்பு குறைந்து, நடை கூடினால் மருத்துவர் மருந்தைக் குறைக்கவும் கூடும். ஆனால் அளவு நார்மலாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. நார்மலானதே மாத்திரையால்தானே.

அப்பாவிடம் வாதம் பண்ணாதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் அளந்து எழுதி, அந்தத் தாளோடு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கூட ஆள் இருப்பது நிறைய உதவும். கொலம்பியாவிலும் மலேசியாவிலும் நடந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டிலோ நட்பிலோ ஒருவரைத் துணையாகச் சேர்த்தார்கள், மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள், மருத்துவர் அல்லாத பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஒரு வருடத்தில் 69 சதவீதம் பேருக்குப் பிபி கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 30 சதவீதம்தான்.

வடதிசை

உப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களுக்கு, கால்வாசி சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. சமையலறையில் உப்பு டப்பாதான் மாறியது.

வெண்புறா_செவிலி

அதோடு இதையும் எழுதுங்கள் தம்பி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

புகை பற்றி ஒரு வார்த்தை. விட்ட ஒரு வருடத்திலேயே, புகையால் கூடிய இதயநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. அடுத்தவர் விடும் புகையும் இதயத்தைத் தாக்கும். பொது இடங்களில் புகை கூடாது என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டாலே அது பெரிய வேலை.

அலைகடல்

இன்னொரு விஷயமும் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும். என் மாமாவுக்கு இரவு சாப்பிடும்போது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாயு என்று தைலம் தேய்த்து, தூங்கினால் சரியாகும் என்று படுக்க வைத்துவிட்டார்கள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். இன்று வரை அவருக்கு ஒரு பக்கம் வரவில்லை. அந்த வீட்டில் இருந்த யாருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

வெண்புறா_செவிலி

படிக்கவே மனசு கனக்கிறது. வார்டில் இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

முகம் கோணுகிறதா, சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாக இறங்குகிறதா? ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் சிகிச்சை தகுந்த சிலருக்கு அதற்குப் பிறகும் செய்ய முடியும், அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவமனை. தண்ணீரோ சாப்பாடோ கொடுக்காதீர்கள், புரையேறும். ஆஸ்பிரினும் கூடாது, இரத்தக் கசிவாக இருந்தால் நிலைமை மோசமாகும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அடுத்த இரண்டு நாளில் பெரியதாக வரும் ஆபத்து அப்போதுதான் அதிகம்.

முகாமில் மருத்துவர் பேசும் நேரத்தில் பாதியை இதற்கு எடுத்து, வந்தவர்களை ஜோடி ஜோடியாக நிற்க வைத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் சேருங்கள், அவர்கள் மறக்க மாட்டார்கள். பயிற்சி தருபவர் கிடைத்தால் மார்பை அழுத்தும் சிபிஆரையும் அன்றே கற்றுக்கொள்ளலாம்.

கார்முகில்

நேற்று குழுவாக உட்கார்ந்து பேசினோம். செப்டம்பர் 29 அன்று தொடங்குகிறோம், ஆனால் முகாம் என்று இல்லை. அன்று வருபவர்களுக்குப் பக்கவாத அறிகுறிப் பயிற்சி, பதிவுக்குச் சம்மதம். அதன்பின் வாராவாரம் ஞாயிறு காலை சங்க அறையில் பிபி மேசை, ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்து மருத்துவர் ஒருவர் நாங்கள் அனுப்புபவர்களைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் ஆண்டில் பிபியும் புகையும் மட்டும். நோட்டு ஒருவரிடம், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கதவு தட்டுபவர் பெயர்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மேசைக்கு வருபவருக்கு 180, 190 என்று காட்டினால் அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்வது? எங்கள் ஆட்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

வெண்புறா_செவிலி

பயப்பட வேண்டாம், அவரையும் பயமுறுத்த வேண்டாம். மேலே 180 அல்லது கீழே 120ஐத் தொட்டால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி அளங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி, பார்வை மங்கல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் ஆம்புலன்ஸ். ஒன்றும் இல்லை, அளவு மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசி, அவர் சொல்லும் நேரத்தில் உங்களில் ஒருவர் கூடவே அழைத்துப் போங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் என்றால் இன்று போட்டாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் விட்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். சட்டென்று அளவை இறக்குவதும் மூளைக்குக் கெடுதல்.

அந்த மருத்துவரின் போன் நம்பரையும் ஆம்புலன்ஸ் நம்பரையும் மேசை மேலேயே ஒட்டிவையுங்கள். முதல் ஞாயிறு முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள் தம்பி, என்ன சிக்கல் வந்ததோ அதைப் பார்த்துச் சரிசெய்வோம்.